தேதி முடிந்த மருந்தைச் சாப்பிடலாமா?



இந்தப் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம்.

மனைவி: ஏங்க, நர்சம்மா கொடுத்த மாலா-என் அட்டை ஒண்ணு ட்ரங்குப் பெட்டியில கிடக்குது. இந்த மாசத்துக்கு அதையே போட்டுக்கட்டுமா?

கணவன்: கொடு, பார்ப்போம். அடடே, தேதி முடிஞ்சு நாலு மாசம் ஆச்சே!

மனைவி: மாத்திரை புதுசாட்டம்தானே இருக்கு? தேதி முடிஞ்ச அன்னிக்கே விஷமாயிடுமா?

நல்ல கேள்வி. பெரும்பாலான மருந்துகள் அப்படி விஷமாகிவிடுவதில்லை. "சொன்னபடி பத்திரமாக வைத்திருந்தால், இந்தத் தேதி வரை முழு வீரியம் இருக்கும்" என்று தயாரித்தவர் கொடுக்கும் உறுதிதான் அந்தத் தேதி. அதற்குப் பிறகு உறுதி இல்லை.

அமெரிக்க ராணுவம் இருப்பில் உள்ள மருந்துகளைச் சோதிக்க 1986-ல் ஒரு திட்டம் தொடங்கியது. தேதி கடந்த பல மருந்துகள் வீரியத்தோடுதான் இருந்தன. ஆனால் அவை பிரிக்காமல், சூடும் ஈரமும் தாக்காத கிடங்கில் இருந்தவை. சோதித்த பிறகே பயன்பட்டவை. நம் வீட்டு மருந்தோ தகரக் கூரைக்குக் கீழே, அடுப்பங்கரை அலமாரியில் இருக்கிறது. வீரியம் குறைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தலைவலி மாத்திரை வேலை செய்யாவிட்டால் வலியே சொல்லிவிடும். கருத்தடை மாத்திரை வேலை செய்யாவிட்டால், நாள் தள்ளிப்போன பிறகுதான் தெரியும். அதில் சோதனை வேண்டாம்.

இவற்றைக் கவனியுங்கள்:

1. நிரோத்: சூட்டில் ரப்பர் நைந்து கிழியும். சட்டைப்பையிலும் பர்சிலும் நாள்கணக்கில் வைக்காதீர்கள்.

2. குழந்தைக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாடிக் பொடி மருந்து: கலந்த பின் லேபிளில் சொன்ன நாள் வரைதான், பெரும்பாலும் 7 நாள். பாட்டிலில் அடுத்த வருஷத் தேதி இருந்தாலும் மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு வைக்காதீர்கள்.

3. ஓ.ஆர்.எஸ். கரைசல்: கரைத்து 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

4. கண் சொட்டு மருந்து: லேபிளில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், திறந்து ஒரு மாதம் வரைதான்.

மாதமும் வருஷமும் மட்டும் போட்டிருந்தால், அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது தேதி உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். முடியாவிட்டால் தேதியைக் குறித்து வாங்குங்கள். தேதி முடிந்ததை விற்பது சட்டப்படி குற்றம்.

மருந்தை வெயில், ஈரம், அடுப்புச் சூடு படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தேதி முடிந்த மாத்திரையைக் கிணற்றிலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, பொட்டலமாகக் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

மனைவி: ஒருவேளை தெரியாம சாப்பிட்டிருந்தா?

பயப்பட வேண்டாம். கிராம சுகாதார செவிலியரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர் யோசனை சொல்லும் வரை, தேதி முடியாத நிரோத்தைக் கணவர் பயன்படுத்தட்டும்.

கணவன்: சரி, நாளைக்கே ரெண்டு பேரும் துணை சுகாதார நிலையத்துக்குப் போவோம். புது அட்டை இலவசமாத்தானே கொடுக்கறாங்க!

தேதி பார்த்து மருந்து வாங்குவோம்! தேதி பார்த்தே மருந்து சாப்பிடுவோம்!