ஒப்புக்கொண்ட கூலி

அன்புள்ள தம்பிக்கு,

முதலாளியும் தொழிலாளியும் பேசி முடித்த கூலியில் அநியாயம் எங்கிருந்து வரும் என்று கேட்டிருந்தாய். 1891-இல் திருத்தந்தை 13-ஆம் லியோ ‘ரேரும் நொவாரும்’ சுற்றுமடலில் இதே கேள்வியை எடுத்துக்கொண்டார். சிக்கனமாக வாழ்பவருக்கும் வயிற்றுப்பாட்டுக்குப் போதாத கூலியை, வேறு போக்கிடம் இல்லாமல் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் வலுக்கட்டாயத்துக்கு ஆளாகிறார் என்றார். பசித்தவர் சொல்லும் ‘சரி’யைச் சுதந்திரச் சம்மதம் என்று கணக்கு வைக்க என்னாலும் முடியவில்லை.

இந்தப் பதிலை ஆழப்படுத்தியது பெர்சனலிசம் என்னும் கிறிஸ்தவச் சிந்தனை. 1932-இல் பிரான்சில் ‘எஸ்ப்ரி’ இதழைத் தொடங்கிய எம்மானுவேல் மூனியே, பணம் மனிதரை ஆள்வதையும் எதிர்த்தார், அரசு மனிதரை விழுங்குவதையும் எதிர்த்தார். மனிதர் கடவுளின் சாயல், உறவுகளில் நிறைவு பெறுபவர் என்பது இந்த மரபின் அடிப்படை.

இந்தச் சிந்தனையை உழைத்த உடம்பால் அறிந்தவர், பின்னாளில் திருத்தந்தையான கரோல் வொய்த்திவா. நாஜி ஆக்கிரமிப்பின்போது, 1940-இல், கிராக்கோவில் கல் குவாரி வேலைக்குப் போனார். அங்கே வெடி வைத்தபோது கல் தெறித்து ஒரு தொழிலாளி இறந்ததை நேரில் பார்த்தார். பின்னர் சோல்வே சோடா ஆலையில் சுண்ணாம்பு வாளிகளைச் சுமந்தார். லுப்லினில் அறவியல் கற்பித்த அவர், மனிதரை எவரும் வெறும் கருவியாகப் பயன்படுத்தலாகாது என்று ‘அன்பும் பொறுப்பும்’ நூலில் வாதிட்டார்.

உன் பாடப்புத்தகத்தில் நிலம், மூலதனம் இவற்றோடு உழைப்பும் ஒரே வரிசையில் நிற்கும். அந்த வரிசையைத்தான் வொய்த்திவா, திருத்தந்தை இரண்டாம் ஜான் பாலாக, 1981-இல் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ சுற்றுமடலில் கலைத்தார். இயந்திரமும் ஆலையும் உழைப்பில் விளைந்தவை; ஆகவே மூலதனத்துக்கு முன்னே உழைப்பு வரும். எந்த வேலையானாலும் அதற்கு மதிப்பு முதலில் அதைச் செய்யும் ஆளால் வருகிறது.

சந்தையை அவர் வெறுத்ததாக எண்ணிவிடாதே. சோவியத் முகாம் சரிந்தபின் 1991-இல் வெளியிட்ட ‘சென்தேசிமுஸ் ஆன்னுஸ்’ மடலில், தொழில்முனைவையும் தனிச்சொத்தையும் சந்தையையும் மதிக்கும் பொருளாதாரத்துக்கு ஆம் என்றார். சட்டத்துக்கும் மனித விடுதலைக்கும் கட்டுப்படாத முதலாளித்துவத்துக்கு இல்லை என்றார். அந்த நிபந்தனையை விட்டுவிட்டு, அவர் சொன்ன ‘ஆம்’ என்பதை மட்டும் மேற்கோள் காட்டுபவர்கள் உண்டு. அது நேர்மையான வாசிப்பு ஆகாது.

தேர்வு முடிந்ததும் ‘லபோரெம் எக்செர்சென்ஸ்’ மடலை முழுதாகப் படி. குடும்பத்துக்குப் போதுமான கூலி பற்றிய பகுதியில் கொஞ்சம் நில். அடுத்த முறை கூலியைப் பற்றி எழுதும்போது, அந்தச் சம்பளத்தில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்பதையும் விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்