பிழை ரவையில் இல்லை

மான் வேட்டைக் காம்பில் ஒருவருடைய ரைபிள் 'டிக்' என்று மட்டும் சொல்லிவிட்டு வெடிக்காமல் நின்றால், சுற்றி நிற்கிற எல்லாருக்கும் காரணம் உடனே தெரிந்துவிடும். அந்த ரவையை அவர் வீட்டில் தானே நிரப்பினவர் என்றால் விசாரணையே தேவையில்லை: ரவையில் பிழை. எனக்கும் அப்படித்தான் தீர்ப்புச் சொன்னார்கள். அது பிழையான தீர்ப்பு என்று நான் காட்டி முடிப்பதற்குள் ஒன்ராறியோவின் நவம்பர் மான் பருவம் முடிந்துவிட்டது.

என்னுடையது பழைய மவுசர் 98. 1898இல் ஜெர்மன் படை ஏற்றுக்கொண்ட வடிவம், 8×57 ரவை. புது ரைபிள் வாங்காமல் ஏன் இந்தப் பழசு என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இன்றும் மாறவில்லை. இதன் போல்டை ஒரு கருவியும் இல்லாமல் வெறுங்கையால் கழற்றலாம். அப்படியென்றால் வாங்கின அன்றே ஏன் கழற்றவில்லை என்று மனைவி கேட்பார். கடையில் 'துப்புரவாக்கியது' என்று அட்டை தொங்கவிட்டு விற்ற சாமானை நான் ஏன் கழற்றவேண்டும்? கோடை முழுக்க ரேஞ்சில் ஒரு ரவைகூடத் தவறவில்லை.

நவம்பரில், பூச்சியத்துக்குக் கீழே 8 பாகைக் குளிரில், விடியற்காலையில் விசையை இழுத்தபோது வந்தது அந்த 'டிக்'. ரவையை எடுத்துப் பார்த்தால், அதன் அடியில் தீ மூட்டுகிற பிரைமரில் ஊசி பட்ட குழி இருக்கிறது, ஆனால் பாதி ஆழம்தான். எங்களோடு வந்த அண்ணை ஒருவர், வேட்டையில் எங்கள் எல்லாருக்கும் மூத்தவர், குழியைப் பார்க்கவும் இல்லை. "தம்பி, உன்ர பிரைமர் மேல நிக்குது. திரும்பப் போட்டு அடி, வெடிக்கும்" என்றார். காம்புக்குப் பின்னால் மண்மேட்டில் குறிவைத்து அதே ரவையைத் திரும்பப் போட்டு அடித்தேன். வெடித்தது. அதன் பிறகு காம்பில் என் பேச்சு எடுபடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும், ஏனென்றால் அண்ணையின் வாதம் எல்லாரும் சொல்கிற வாதம். பிரைமர் கோதின் அடியில் முழுக்க இறங்காமல் மேலே நின்றால், முதல் அடியின் வலு அதைக் கீழே தள்ளுவதிலேயே போய்விடும். இரண்டாவது அடியில் பிரைமர் அசைய இடமில்லை, அதனால் வெடிக்கும். இதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் போல்டுக்குள் கிரீஸ் இறுகியிருந்தாலும் இதேதான் நடக்கும். முதல் அடியில் ஊசி கிரீஸைக் கிழித்துக்கொண்டு சோம்பலாகப் போகும். இரண்டாவது அடிக்குள் பாதை கொஞ்சம் திறந்திருக்கும், வேகம் கூடும். அறிகுறி ஒன்று, காரணம் இரண்டு. இதை அண்ணைக்கு விளங்கப்படுத்த முயன்றேன். அவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்று. 'டிக்' கேட்டதும் போல்டைத் திறக்காதீர்கள். பிரைமர் பிந்தி வெடிப்பதும் உண்டு. குழலைப் பாதுகாப்பான பக்கம் பிடித்தபடி முப்பது வினாடிக்குக் குறையாமல் பொறுத்திருந்து, பிறகு திறவுங்கள். இதில் மட்டும் அண்ணையும் நானும் ஒரே கட்சி.

என் ரவைகளைச் சோதிக்க அதிக நேரம் செல்லவில்லை. கண்ணாடித் துண்டொன்றில் ரவையை நிமிர்த்தி வைத்தால் போதும். பிரைமர் துளியாவது வெளியே நின்றால் ரவை ஆடும். ஒன்றும் ஆடவில்லை. விரல் நுனியால் தடவினால் எல்லாவற்றிலும் பிரைமர் கோதின் மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேதான் இருந்தது. போதாததற்குத் தொழிற்சாலை ரவை ஒரு பெட்டி வாங்கினேன். அதுவும் காலையில் 'டிக்', மத்தியானம் வெயில் ஏறியதும் 'டமார்'. இதை அண்ணையிடம் சொன்னபோது, "அந்தக் கொம்பனியின்ர பிரைமர் சரியான கடினம்" என்றார்.

ரவையில் இல்லையென்றால் ரைபிளில் என்று கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கின கடை அல்ல, ரொறன்ரோவில் பேர்பெற்ற இன்னொரு கடை. பேர் வேண்டாம். அங்கேதான் எனக்குப் பெரிய நட்டம். பட்டறை சூடேற்றிய கட்டடத்துக்குள் இருக்கிறது, டீசேர்ட்டோடு நிற்கலாம். அந்தச் சூட்டில் ஒரு குறையும் தெரியாதுதானே? பட்டறைக்காரர் தன் சோதனைக் கூண்டில் அடித்துப் பார்த்தார். எல்லாம் வெடித்தன. காலையில் மட்டும், குளிரில் மட்டும் என்று நான் சொன்னது அவருடைய பற்றுச்சீட்டில் 'வாடிக்கையாளர் முறைப்பாடு' என்ற கட்டத்துக்குள் ஏறியது. தலைக்குள் ஏறவில்லை. "பழைய ஸ்பிரிங், தளர்ந்துபோயிருக்கும்" என்று வலுக்கூடிய ஸ்பிரிங் ஒன்று போட்டார். ஊசியின் நுனியும் தேய்ந்திருக்கலாம் என்று புது ஊசியும் போட்டார். அதோடு விட்டிருக்கலாம். துருப்பிடிக்காமல் இருக்க என்று புது ஸ்பிரிங் முழுக்கக் கிரீஸ் பூசி உள்ளே தள்ளிவிட்டார். அதற்கும் பணம் வாங்கினார்.

அடுத்த குளிர்காலையில் அதே 'டிக்'. தவறுவது கொஞ்சம் குறைந்திருந்தது. வலுக்கூடிய ஸ்பிரிங்கின் துரோகம் அதுதான். நோயை மாற்றாமல் காய்ச்சலைக் குறைத்துவிடும், நாங்களும் குணமாகிவிட்டது என்று நம்புவோம். அதற்கிடையில் போல்டைத் தூக்கவே கை வலிக்கும், ஏனென்றால் மவுசரில் ஸ்பிரிங் இறுகுவது போல்டைத் திறக்கும்போதுதான்.

குளிரில் வருகிற பிழையைக் குளிரில்தான் தேடவேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரைபிளை இரவு வெளியே வைக்க முடியாது. சட்டமும் விடாது, நானும் விடமாட்டேன். போல்டை மட்டும் கழற்றி, இறுக மூடும் பையில் போட்டு, வீட்டு ஃப்ரீசரில் மீன் பொதிகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். அங்கே பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை, காம்பைவிட மோசம். காலையில் குழல் வெறுமையா என்று பார்த்து, வெடிமருந்தில்லாத பயிற்சி ரவையை உள்ளே போட்டு விசையை இழுத்தேன். 'டக்' என்று கேட்கவேண்டிய இடத்தில் 'தொப்' என்று கேட்டது. போல்ட் சூடேறிய பிறகு அதே விசை, அதே கை, சத்தம் 'டக்'. காது சரியாக இருந்தால் இந்தச் சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை. பட்டறைக்காரரிடமும் ஒரு ஃப்ரீசர் இருந்தது, அதில் குளிர்பானம் வைத்திருந்தார்.

போல்டைக் கழற்றுவது பெரிய வித்தையல்ல. பாதுகாப்பு நெம்பை நடுவில் நிமிர்த்தி, பக்கத்துப் பித்தானை அழுத்திக்கொண்டு பின்மூடியைத் திருகி எடுத்து, ஊசி முனையைப் பலகையில் ஊன்றி அழுத்திப் பின்துண்டைக் கால்வட்டம் திருப்பினால் எல்லாம் கையில். ஸ்பிரிங் துள்ளும், கண்ணாடி போடுங்கள். பார்க்கவேண்டியது ஊசியை அல்ல, போல்டின் உட்பக்கத்தை, அதிலும் முன்முனையை. ஊசியின் முன்பாகத்தில் ஒரு தோள் இருக்கிறது. அது போல்டின் உள்ளே ஒரு படியில் போய் முட்டுவதால்தான் ஊசி வெளியே நீளும் அளவு தீர்மானமாகிறது. என் போல்டில் அந்தப் படியின் மேல், களஞ்சியத்தில் துருப்பிடிக்காமல் இருக்க எந்தக் காலத்திலோ பூசிய பாதுகாப்புக் கிரீஸ் ஆறின பனங்கட்டிப் பாகு போல இறுகி ஒட்டியிருந்தது. குச்சியில் துணி சுற்றி விட்டால் துணி மட்டும் மண்ணிறமாக வந்தது, கட்டி அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்துத்தான் எடுத்தேன். பட்டறைக்காரரின் புதுக் கிரீஸும் அதோடு போனது. முன்பு ஊசி 1 மில்லிமீற்றர் அளவில்தான் வெளியே நீண்டது. பிறகு அளந்தால் 1.4. அந்தச் சின்ன வித்தியாசமும், கிரீஸ் தின்ற வேகமும் சேர்ந்துதான் என் பருவத்தை விழுங்கியவை.

துப்புரவாக்கிய போல்டை ஃப்ரீசரில் உறைய வைத்து, மீன் கொண்டுபோகும் குளிர்ப்பெட்டியில் ரேஞ்சுக்குக் கொண்டுபோய், என் கையால் நிரப்பிய ரவைகளாலேயே சுட்டேன். அத்தனையும் முதல் அடியில் வெடித்தன. பிறகு பழைய ஸ்பிரிங்கை மாற்றிப் போட்டும் சுட்டேன். அதுவும் தவறவில்லை. 1941 குளிரில் மாஸ்கோவுக்கு முன்னால் ஜெர்மன் படையின் ஆயுதங்களும் எண்ணெய் இறுகித்தான் மக்கர் செய்தன. இதே வடிவ ரைபிள்கள்தான் அவர்கள் கையிலும் இருந்தன.

மற்றக் காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. போல்டின் கைப்பிடி முழுக்கக் கீழே இறங்காவிட்டால் ஊசியின் வலு அதை இறக்குவதில் போகும். கோதை அளவுக்கு மீறி அமுக்கித் தோளைப் பின்தள்ளிவிட்டால், அடிக்கும்போது ரவை முன்னால் நழுவும். ஊசி எங்காவது உரசினால் அதன் உடம்பில் மினுக்கம் தெரியும். இவற்றையெல்லாம் பாருங்கள், ஆனால் கிரீஸைப் பார்த்த பிறகு. உள்ளே கனத்த எண்ணெய் வேண்டாம். துணியில் தொட்ட மெல்லிய எண்ணெயைப் பூசி, அதையும் துடைத்துவிடுங்கள். போல்டின் முன்துளைக்குள் ஸ்பிரே அடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஊத்தை இன்னும் உள்ளேதான் போகும்.

காம்பில் இரவு அடுப்புச் சூட்டுக்குள் ரைபிளைக் கொண்டுவராதீர்கள். குளிர் இரும்பு வியர்க்கும். காலையில் அந்த ஈரம் போல்டுக்குள் பனியாகிவிடும், அதுவும் கிரீஸின் வேலையைத்தான் செய்யும். பூட்டக்கூடிய, சூடேற்றாத அறை இருந்தால் அங்கே வையுங்கள்.

பழைய ஸ்பிரிங்கும் பழைய ஊசியும்தான் இப்போது என் ரைபிளில். கடைக்காரர் போட்ட இரண்டையும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள், பாவித்த சாமானாம். மவுசர் 98 வைத்திருப்பவர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் பாதி விலைக்குத் தருகிறேன். கிரீஸ் துடைத்துத்தான் வைத்திருக்கிறேன்.