சாய்ந்த கயிற்றின் கணக்கு

வியாபாரச் சகோதரர்களே! மேல்மாடிக்குச் சரக்கேற்றும்போது, பெட்டியின் இரு பக்கமும் கயிறு கட்டி, நடுவே கொக்கியில் மாட்டித் தூக்குகிறோமல்லவா? 100 கிலோ பெட்டியென்றால் கயிறொன்றுக்கு 50 கிலோ என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். கயிறுகள் செங்குத்தாக நின்றால் அது சரி, சாய்ந்தால் சரியன்று.

சாய்ந்த கயிற்றின் இழுவிசையை இரு கூறாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மேல்நோக்கியது, மற்றது பக்கவாட்டானது. பாரத்தைச் சுமப்பது மேல்நோக்கிய கூறு மட்டுமே. பக்கக் கூறுகள் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்துச் சரியாகிவிடும். அட்டைப்பெட்டியின் ஓரம் நசுங்குவதும் இவற்றால்தான்!

கயிறு, உயரம், பக்க அகலம் மூன்றும் சேர்ந்த முக்கோணமும் விசைகளின் முக்கோணமும் ஒரே வடிவம். ஆகவே ஒரு பக்கக் கயிற்றின் நீளத்தை, கட்டிய இடத்திலிருந்து கொக்கி நிற்கும் உயரத்தால் வகுத்து, பாதிப் பாரத்தால் பெருக்குக. நீளம் 5 அடி, உயரம் 4 அடியானால் கயிறொன்றில் 62.5 கிலோ, பக்க இழுப்பு 37.5 கிலோ. உயரம் நீளத்தில் பாதியானால் முழு 100 கிலோ; கால் பங்கானால் 200 கிலோ! 50 கிலோ தாங்குமென்று வாங்கிய கயிறு என்னாகும்? கீழே நிற்பவன் கதி என்ன?

கயிற்றை நீளமாக விட்டுக் கட்டச் சொல்லுங்கள். நாலு காசு கூடுதலாகும், ஆகட்டும். வேலையாட்களுக்குத் தரையில் சுண்ணக்கட்டியால் முக்கோணத்தை வரைந்து காட்டினால் போதும், உடனே விளங்கிக்கொள்வார்கள்.