அங்குலத்தை நம்பலாமா? இரண்டு டேப்லெட்டுகள், ஒரு கணக்கு



கடையில் டேப்லெட் கேட்டால் முதலில் சொல்வது "இது இத்தனை இன்ச்". அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு செய்யலாமா? 2010-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு டேப்லெட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஆப்பிள் ஐபேட் (வைஃபை மாடல்): திரை 9.7 அங்குலம், எடை 680 கிராம், அகலம் 19 செ.மீ., தடிமன் 13.4 மி.மீ. பின்பக்கம் அலுமினியம். கேமரா கிடையாது.

சாம்சங் கேலக்ஸி டேப்: திரை 7 அங்குலம், எடை 380 கிராம், அகலம் 12 செ.மீ., தடிமன் 12 மி.மீ. பின்பக்கம் பிளாஸ்டிக். முன்னும் பின்னும் கேமரா உண்டு.

திரை எவ்வளவு பெரிசு?

9.7-க்கும் 7-க்கும் 2.7 அங்குலம்தானே வித்தியாசம்னு தோணும். ஆனா அது மூலைவிட்டத்தின் அளவு. ஐபேட் திரையின் பக்கங்கள் 4:3 விகிதம். பிதாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் 5 பங்கு. ஒரு பங்கு 9.7 ÷ 5 = 1.94. பக்கங்கள் 7.76, 5.82. பரப்பு சுமார் 45 சதுர அங்குலம். கேலக்ஸி டேப் திரை ஒல்லியானது (1024:600). அதன் பரப்பு சுமார் 21 சதுர அங்குலம்தான். பாதிகூட இல்லை!

கை ஏன் வலிக்கிறது?

எடையில் ஐபேட் இரண்டு மடங்குகூட இல்லை. ஆனால் ஒரு கையால் ஓரத்தைப் பிடிக்கும்போது மணிக்கட்டை வளைப்பது திருப்புத்திறன். எடை நடுவில் இருப்பதாகக் கொண்டால், எடையை அகலத்தின் பாதியால் பெருக்க வேண்டும்.

ஐபேட்: 680 × 9.5 = 6460
கேலக்ஸி டேப்: 380 × 6 = 2280

ஏறக்குறைய 3 மடங்கு! அதனால் ஐபேடை மடியிலோ மேசையிலோ வைத்துப் படிப்பது சுகம். நடந்துகொண்டே, நின்றுகொண்டே பார்க்க கேலக்ஸி டேப் வசதி. ஒரு கைக்குள் அடங்கிடும்.

தெரிந்து கொள்ளுங்கள்

7 அங்குலம் போதாது என்று ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-இல் சொன்னார். அதே ஆப்பிள் 2012-இல் 7.9 அங்குல ஐபேட் மினியை வெளியிட்டது. எடை 308 கிராம்தான். விகிதம் 4:3 என்பதால் பரப்பு சுமார் 30 சதுர அங்குலம். மூலைவிட்டம் ஒரு அங்குலம்கூட ஏறவில்லை, ஆனால் 7 அங்குலத் திரையைவிட 9 சதுர அங்குலம் கூடுதல்!

செய்து பாருங்கள்

அட்லஸை ஒரு கையால் ஓரத்தில் பிடியுங்கள். பிறகு அதே அட்லஸை நடுவில் உள்ளங்கையில் தாங்குங்கள். எடை மாறவே இல்லை, ஆனா பாரம் குறைஞ்ச மாதிரி இருக்கும்.

வீட்டில் யாராவது டேப்லெட் வாங்கப் போனால் மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். திரையின் நீள அகலம் என்ன? எடை எத்தனை கிராம்? ஓரத்தைப் பிடித்துப் பத்து நிமிடம் நிற்க முடியுமா? காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.