காலால் இயங்கும் குயவர் சக்கரங்கள்: விசையும் வகைப்பாடும்

குயவர் சக்கரங்களைக் கையால் சுழற்றுவன, காலால் சுழற்றுவன என இரண்டாகப் பகுப்பதும், பின்னதை முன்னதன் வளர்ச்சிநிலையாகக் கொள்வதும் பெருவழக்கு. ஆயின், எவ்வுறுப்பு விசையைத் தருகிறது என்பதைக் காட்டிலும், அவ்விசை எங்கே, எவ்வளவு நேரம் தேக்கிவைக்கப்படுகிறது என்பதே வனைவோனின் தொழில்முறையை வரையறுக்கிறது. இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், 'கால்சக்கரம்' என்னும் ஒரு பெயரின்கீழ் இயல்பால் வேறுபட்ட கருவிகள் அடங்கியிருத்தல் புலனாகும்.

நடுநிலக்கடற் பகுதியில் கால்சக்கரம் தொன்மையானது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சீராக்கின் ஞானநூல் (38ஆம் அதிகாரம்), குயவன் தன் கால்களால் சக்கரத்தைச் சுழற்றுவதைக் குறிப்பிடுகிறது. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் மட்பாண்டக் கலை குறித்து எழுதிய சிப்ரியானோ பிக்கோல்பாசோ அக்கருவியைப் படமாகவும் வரைந்துள்ளார். நெடிய செங்குத்து அச்சின் அடியில் பெரிய, கனத்த சக்கரம்; உச்சியில் சிறிய வனைதட்டு. கால் உதைத்துத் தரும் விசையைக் கீழ்ச்சக்கரத்தின் எடை தேக்கிவைக்கிறது. வேகம் தணியும்போது மீண்டும் உதைத்தல் போதுமானது.

கொரியச் சக்கரம் இதற்கு நேர்மாறானது. மேலும் கீழுமாக அமைந்த இரு மரத்தட்டுகள் மரச்சட்டங்களால் பிணைக்கப்பட்டு, நிலத்தில் ஊன்றிய முளையின்மீது ஒருசேரச் சுழல்கின்றன. 1592 முதல் 1598 வரை நிகழ்ந்த ஜப்பானியப் படையெடுப்பின்போது கொண்டுசெல்லப்பட்ட கொரியக் குயவர்களின் கைத்திறனோடு இச்சக்கரமும் கியூஷு தீவின் கரட்சு, அரித்தா ஆகிய மட்கலத் தொழிலிடங்களில் வேரூன்றியது. இதன் எடை குறைவு. எனவே தேங்கும் விசையும் குறைவு. வனையும்போதே கால் இடைவிடாது இயங்கவேண்டும். இதனைக் குறைபாடு எனக் கருதுதல் பிழை. கலத்தின் வாய் விரியும் நொடியில் வேகத்தைத் தணிக்கவும், தேவையெனில் உடனே நிறுத்தவும் இவ்வெண்மையே துணைசெய்கிறது. கனத்த சக்கரம் அத்துணை விரைவில் அடங்குவதில்லை.

சிந்துப் பகுதியின் குழிச்சக்கரம் அமைப்பால் மேலைச் சக்கரத்தை ஒத்தது. எனினும் கீழ்ச்சக்கரம் குழிக்குள் இருக்க, குயவர் குழியின் விளிம்பில் அமர்ந்து காலை உள்ளிறக்கி இயக்குகிறார். உயர்ந்த இருக்கையின் தேவை இதனால் நீங்குகிறது. தரையில் அமர்ந்து தொழில்செய்யும் வழக்கம் குலையவில்லை.

இந்தியாவில் பெரிதும் வழங்குவது கோலால் சுழற்றும் சக்கரம். இதில் விசையைத் தேக்கும் சக்கரமும் வனையும் தளமும் ஒன்றே. விளிம்பின் எடையால் சுழற்சி நீடிக்கிறது. கோலை வைத்தபின் இரு கைகளும் வனைதலுக்கு உரியவாகின்றன. ஆகவே, தேக்கிய விசையால் இயங்கும் மேலைக் கால்சக்கரம், கொரியக் கால்சக்கரத்தைவிட இக்கோற்சக்கரத்துக்கே நெருங்கிய உறவுடையது. கோற்சக்கரத்தைக் கால்சக்கரத்திற்கு முந்திய படிநிலையாக வைக்கும் வரிசைமுறை இங்கு வலுவிழக்கிறது.

தமிழ்ச் சான்றைக் கையாளுங்கால் ஓர் எச்சரிக்கை வேண்டும். கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 32ஆம் பாடல், வேட்கோச் சிறுவர் பசுமண் வைத்து வனையும் திகிரியைத் 'தேர்க்கால்' எனச் சுட்டுகிறது. இங்குக் கால் என்பது உருளையே, உடலுறுப்பு அன்று. அச்சொல்லைக் கொண்டு சங்ககாலத்தில் காலால் இயக்கும் சக்கரம் வழங்கியது என நிறுவ இயலாது.