தடியை ஏந்தும் கைக்கும் விதி உண்டு

காலை மணி ஒலித்ததும் வரிசையில் நிற்கிறோம். தாமதமாய் வந்தால் காரணம் கூறுகிறோம். விதிகளெல்லாம் கீழே இருப்பவருக்குத்தானா என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவதுண்டு. இதற்கு விடை காண, ஆங்கிலேயர் காலத்துக் காவல்துறையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

சென்னை மாகாணத்தில் 1816ஆம் ஆண்டு முதல் வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்தன. நிலவரி வாங்கும் தாசில்தாரே தம் வட்டத்தின் காவல் தலைவராகவும் விளங்கினார். கிஸ்தி கட்ட இயலாத ஏழைக் குடியானவன் முறையிட எங்கே போவான்? அடித்தவரிடமே நீதி கேட்க வேண்டிய நிலை! வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது என்ன?

இக்கொடுமை இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை எட்டியது. அதன் பயனாகச் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் கொண்ட விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 519 பேர் நேரில் வந்து முறையிட்டனர். 1,440 முறையீடுகள் கடித வாயிலாக வந்தன. விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துதல் போன்ற சித்திரவதைகள் வெளிச்சத்துக்கு வந்தன. வரி வாங்கவும், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் இவை கையாளப்பட்டன என்று 1855இல் வெளியான அறிக்கை ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழியைக் கீழ்நிலை ஊழியர் மீதே சுமத்தியது. மேலிருந்த ஆங்கில அதிகாரிகளைக் குற்றவாளிகளாகக் கருதவில்லை.

அறிக்கையின் பின் மாற்றங்கள் வந்தன. 1859ஆம் ஆண்டின் 24ஆவது சட்டம் சென்னை மாகாணத்துக்குத் தனிக் காவல் படையைத் தந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். இந்தியக் காவல் சட்டம் 1861இல் இயற்றப்பட்டது.

அச்சட்டம் காவலர்க்கு விதித்த கட்டுப்பாடுகளைக் காண்போம். காவலர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார். வேறு தொழில் செய்ய அனுமதி வேண்டும். மேலதிகாரியின் இசைவோ இரண்டு மாத முன்னறிவிப்போ இன்றிப் பணியை விட்டு விலகலாகாது. நிலையத்தில் பொது நாட்குறிப்பு ஒன்று இருக்கவேண்டும். வந்த புகார், கைதானவர் பெயர், கைப்பற்றிய பொருள், விசாரித்த சாட்சி அனைத்தும் அதில் பதியப்படவேண்டும். கடமையில் தவறியவருக்கு ஒரு மாதச் சம்பளம் வரை அபராதம், பதினைந்து நாள் வரை குடியிருப்பிலேயே அடைப்பு, தண்டனை டிரில், பதவி இறக்கம், பணி நீக்கம் ஆகியவை உண்டு.

இவற்றுள் ஒரு விதியை நாம் தனியே நினைவில் கொள்ளவேண்டும். காவலில் உள்ளவரைத் தகாத முறையில் தாக்கும் காவலருக்கு மூன்று மாதச் சம்பளம் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது என்றது. அடித்துப் பெற்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லையெனில், அடிப்பதில் என்ன பயன்? இவ்விதி 2023இல் இயற்றப்பட்ட புதிய சாட்சியச் சட்டத்திலும் நிலைத்துள்ளது.

விதிகளை எழுதியதும் கொடுமை ஒழிந்ததா? இல்லை. ஆண்ட்ரூ ஃபிரேசர் தலைமையில் 1902இல் அமைந்த ஆணையம், காவல்துறை பயிற்சியிலும் மேற்பார்வையிலும் குறைபட்டது, லஞ்சமும் அடக்குமுறையும் மிக்கதென மக்களால் கருதப்படுகிறது என்று கண்டது. அந்நிய ஆட்சியைக் காக்கவே அமைந்த படை, மக்களுக்குப் பதில் சொல்லும் கடமையை முதன்மையாகக் கொள்ளவில்லை. சுதந்திரப் போராட்டத்தில் எத்தனையோ தேச பக்தர்கள் அத்தடியின் அடியைத் தாங்கினர்! விதி ஏட்டில் இருந்தால் போதாது. அதைக் காக்கும் மனச்சான்றும், தவறு கண்டவிடத்துக் கேட்கும் துணிவும் வேண்டும்.

தோழியரே! அந்த 1,959 முறையீடுகளை எண்ணிப் பாருங்கள். அடித்தவர்கள் இன்னும் அதிகாரத்தில் இருக்கும்போதே வாய் திறந்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் மௌனமாக இருந்திருந்தால் அந்த மாற்றங்களுக்கு வழி பிறந்திருக்குமா?

நம்முள் ஒருத்தி வகுப்புத் தலைவியாகலாம். நாளை மற்றொருத்தி காவல் அதிகாரியாகலாம், நீதிபதியாகலாம். அதிகாரம் நம் கைக்கு வரும் நாளில், விதி முதலில் கட்டுவது நம் கையையே என்பதை மறவாதிருப்போம். அதுவே உண்மையான கட்டுப்பாடு.