எண்ணெய்ச் சட்டியும் மழைக்காடும்

திருக்கனூர் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்குப் போவோம். கடலை எண்ணெயும் பாமாயிலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கடலை, விழுப்புரம் பக்கத்தில் விளைந்திருக்கலாம். பாமாயிலோ பெரும்பாலும் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அந்நாடுகளில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களுக்காக மழைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. ஒராங்குட்டான்கள் வாழிடம் இழந்தன.

2009 ஆகஸ்டு 13இல் இந்தியா ஆசியான் நாடுகளுடன் தடையில்லா வணிக ஒப்பந்தம் செய்தது. 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அப்படியானால் காடு அழிந்ததற்கு இந்த ஒப்பந்தம்தான் காரணமா?

அவசரப்படாதீர்கள். ஒரு செடிக்கு உரம் போட்டீர்கள். அன்றே மழையும் பெய்தது. செடி வளர்ந்தால் உரத்தால் என்பீர்களா, மழையால் என்பீர்களா? உரம் போடாத இன்னொரு செடியோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஒப்பந்தத்தையும் அப்படித்தான் ஆராய வேண்டும். 'முன்பு, பின்பு' என்று பார்த்தால் போதாது. 'ஒப்பந்தம் இருந்தால், இல்லாவிட்டால்' என்று பார்க்க வேண்டும்.

கச்சாப் பாமாயில் மீது இந்தியா விதிக்கக்கூடிய சுங்கவரியின் உச்சவரம்பை 80 விழுக்காட்டிலிருந்து படிப்படியாக 37.5 ஆகக் குறைக்க ஒப்பந்தம் வகை செய்தது. ஆனால் உச்சவரம்பு வேறு, உண்மையில் வாங்கும் வரி வேறு. விலைவாசியைக் கட்டுப்படுத்த இந்தியா 2008 ஏப்ரலிலேயே அந்த வரியை நீக்கியிருந்தது. ஆகவே 2010இல் வந்து இறங்கிய பாமாயிலை ஒப்பந்தத்தின் கணக்கில் எழுத முடியாது. 2020 ஜனவரியில் நிலைமை வேறு. அப்போது 40 விழுக்காடாக இருந்த வரி, ஒப்பந்தப்படி 37.5 ஆக இறங்கியது. அந்த 2.5 விழுக்காட்டால் கூடுதலாக எவ்வளவு எண்ணெய் வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

அடுத்து, கூடுதல் வணிகம் சுற்றுச்சூழலை என்ன செய்யும்? கிராஸ்மன், குரூகர் என்ற பொருளியல் அறிஞர்கள் 1991இல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்.

1. அளவு: மொத்த உற்பத்தி கூடுகிறதா? கூடினால் நிலமும் நீரும் அதிகம் வேண்டும்.

2. இடமாற்றம்: எந்தத் தொழில் எங்கே வளர்கிறது, எங்கே தேய்கிறது? இங்கே கடலை குறைந்து அங்கே பனை பெருகினால், சுமை கடல் கடந்து போகிறது.

3. நுட்பம்: காட்டைத் தொடாமல், பழைய தோட்டத்திலேயே அதிக விளைச்சல் எடுக்கும் முறைகள் பரவுகின்றனவா?

அப்படியானால் பாமாயிலை நிறுத்திவிடலாமா? ஒரு ஹெக்டேர் எண்ணெய்ப்பனை ஆண்டுக்குச் சுமார் 3 டன் எண்ணெய் தருகிறது. நிலக்கடலை 1 டன்கூடத் தருவதில்லை. அதே அளவு எண்ணெய்க்குக் கடலை பயிரிட்டால் பல மடங்கு நிலம் வேண்டும். அந்த நிலம் எங்கிருந்து வரும்? ஆக, எந்த எண்ணெய் என்பது மட்டுமல்ல, எந்த நிலத்தில் விளைந்தது என்பதும் முக்கியம்.

செய்து பாருங்கள்: உங்கள் தெருவில் பத்து வீடுகளில் எந்த எண்ணெய், மாதம் எத்தனை லிட்டர், ஏன் அதை வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். விலை லிட்டருக்கு 10 ரூபாய் மாறினால் எத்தனை வீடுகள் எண்ணெயை மாற்றும் என்றும் கேளுங்கள். வரி குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் தெருவே முதல் விடை தரும்.